கொம்பனித்தெருவும் வீட்டுச் சாடியும்

கொழும்பு மாநகரில் கொம்பனித்தெருவை அறியாதார் மிகச் சிலரே. கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டி சில நிமிடங்களிலேயே அங்கு நின்று செல்லும். ஒருபுறம் பேரை வாவி. மறுபுறம் கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும். அத்தெருவின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் போர்வீரரைப் பற்றியும் வணிகரைப் பற்றியும் கூறுவர். இன்று நான் கூறப்போவது ஒரு சாடியின் வரலாறு. அடுக்களை மூலையில், துணியால் வாய் கட்டப்பெற்று, ஓசையின்றி நுரைத்துக்கொண்டிருந்த ஒரு மண்சாடியின் வரலாறு.

வீட்டிலே தேனையோ வெல்லத்தையோ சீனியையோ நீரிற் கரைத்து, இஞ்சியோ தேயிலைச் சாயமோ சேர்த்து, சில நாள் நொதிக்கவிட்டுப் பருகும் மென்மையான பானத்தை உலகின் பல பகுதி மக்களும் அறிந்திருந்தனர். ஆங்கிலேயர் அதனை இஞ்சிப் பியர் என்றனர். அப்பானத்தினுள்ளே நிகழ்வது என்ன என்பதை உலகிற்கு முதன்முதலில் தெளிவாக எடுத்துரைத்த அறிஞர், அதற்கு முன்னர் நம் இலங்கைத் தீவில், நம் மலைநாட்டின் பெருந்துயர் ஒன்றை ஆராய்ந்தவர் என்பது பலரும் அறியாத செய்தி. அவருடைய வரலாற்றுக்கும் கொம்பனித்தெருவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் தெருவைப் பார்ப்போம். 1656ஆம் ஆண்டு ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றினர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி தன் அடிமைகளை அடைத்துவைத்த இடம் ஆதலால் ஆங்கிலேயர் இப்பகுதியை அடிமைத்தீவு என்ற பொருள்பட வழங்கினர். தமிழரும் சிங்களவரும் அவ்விழிபெயரை ஏற்காது, கொம்பனியின் பெயரையே தெருவுக்கு இட்டனர் என்பது பொதுவான கருத்து. அடிமைப்பட்டவரின் துயரை ஒரு மொழி நினைவுகூர, அடிமைப்படுத்தியவரின் பெயரை மற்ற மொழிகள் நினைவுகூர்கின்றன. இதில் எது மேல் என்று கூறுதல் எளிதன்று.

ஆங்கிலேயர் காலத்தில் இங்கே மலாய்ப் படைவீரர் குடும்பங்கள் வாழ்ந்தன. மலே வீதி, ஜாவா லேன், றைபிள் வீதி என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. அவர்கள் பணிபுரிந்த இலங்கை றைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது, குடும்பங்கள் தங்கிவிட்டன. தமிழர், சோனகர், சிங்களவர், மலாயர், பறங்கியர் யாவரும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த தெரு அது.

அங்குள்ள கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் உண்டு. கோயிலுக்குச் செல்வோர் பலர். அவ்வீதிக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என்று வினவுவோர் சிலர். இலண்டனிலுள்ள கியூ என்னுமிடத்தில் புகழ்பெற்ற அரச தாவரவியற் பூங்கா இருக்கின்றது. அதனைப் பின்பற்றி 1810இல் ஆங்கிலேயர் கொம்பனித்தெருவிலே ஒரு தாவரத் தோட்டத்தை அமைத்து, அதற்கும் கியூ என்றே பெயரிட்டனர். சீனத்தின் கன்ரன் நகரில் தங்கிச் செடிகள் திரட்டிய வில்லியம் கெர் என்பவர் 1812இல் அதன் பொறுப்பாளராக வந்தார். தோட்டம் மறு ஆண்டே களுத்துறைக்கு மாற்றப்பட்டது. 1821இல் பேராதனையில் நிலைபெற்றது. ஆகவே இன்று நாம் பேராதனையிற் கண்டு மகிழும் பூங்காவின் முதற் பாத்தி கொம்பனித்தெருவிலே வெட்டப்பட்டது எனலாம். இச்செய்தியை நேயர்கள் மனத்திற் கொள்க. பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இனிச் சாடிக்கு வருவோம். நொதித்த பானத்தை நமக்கு ஐரோப்பியர் கற்பித்தனர் என்று எண்ணுவோர் உளர். அது தவறு. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பு ஒன்று வருணிக்கப்படுகின்றது. அங்கே அரிசியைக் களியாகக் கிண்டி, வாயகன்ற தட்டிலே ஆறவிட்டு, புற்றினுள்ளே காணப்படும் புற்றாஞ்சோற்றைப் போன்ற ஓர் அடையை அதனுடன் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்துச் சாடியில் முதிர்வித்து வடித்தனர் என்று கடியலூர் உருத்திரங்கண்ணனார் கூறுகின்றார். அதே பாட்டு, வீட்டிலே சமைத்த தோப்பி என்னும் நெற்கள்ளையும் வேறோரிடத்தில் சுட்டுகின்றது. மலைபடுகடாமோ மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேன்தேறலைக் குறிப்பிடுகின்றது. எனவே வீட்டு வடிப்பும் தேன் வடிப்பும் தமிழருக்குப் புதியன அல்ல.

புற்றாஞ்சோறு போன்ற அடை என்ற உவமையை நான் பல ஆண்டு வகுப்பறையிற் படிப்பித்திருக்கிறேன். அது வெறும் அழகுக்காகச் சொல்லப்பட்டது என்றே நினைத்திருந்தேன். பொருளை நேரிற் பார்த்தவன் சொன்ன சொல் அது என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அவ்வடை இல்லையேல் களி களியாகவே இருக்கும். அடை சேர்ந்தால்தான் அது மாறும். அதாவது, முன்னே வாழ்ந்த ஒன்றிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் புதியதற்கு இடவேண்டும் என்ற அறிவு அக்காலத்து மக்களிடம் இருந்தது. அப்பத்துக்கு மா புளிக்கக் கள் விடும் நம் பெண்களிடமும், பாலுக்கு உறை ஊற்றும் நம் தாய்மாரிடமும் இருப்பது அதே அறிவு. ஏன் என்று அவர்கள் கூறார். எப்படி என்று செய்து காட்டுவர்.

தேனைப் பற்றி நம் தீவிலேயே ஒரு பழஞ்சான்று உண்டு. கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறைவாழ்வு வாழ்ந்து தப்பியோடிய றொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், வேடர் மரப்பொந்திலே தேனை நிரப்பி, அதில் இறைச்சியை இட்டு, களிமண்ணால் வாயை அடைத்துப் பாதுகாத்தனர் என்று எழுதியுள்ளார். தேனிலே நீர் நூற்றுக்கு இருபது பங்கிற்கும் குறைவு. எஞ்சியது பெரும்பாலும் சர்க்கரை. அத்துணைச் செறிவில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் பெருகமாட்டா. ஆகையால் இறைச்சி கெடுவதில்லை. ஆயின் அதே தேனில் நீரைச் சேர்த்து இளக்கினால் சில நாளில் நுரைக்கத் தொடங்கும். காக்கும் பொருளும் தேனே. நீர் சேர்ந்தபின் மாறும் பொருளும் தேனே. வேடர் முன்னதை அறிந்திருந்தனர். மலைபடுகடாம் பாடிய காலத்துத் தமிழர் பின்னதை அறிந்திருந்தனர்.

இந்த மாற்றத்தின் காரணத்தை அறியும் முயற்சி ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே உருப்பெற்றது. நொதித்தல் என்பது வெறும் இரசாயன மாற்றமன்று, உயிருள்ள நுண்மங்களின் தொழில் என்று பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857 முதல் நிறுவிவந்தார். பியரைப் பற்றியே 1876இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். மதுவம் என்று நம் பாடநூல்கள் கூறும் நுண்ணுயிர், சர்க்கரையை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது. சாடி நுரைப்பது அவ்வாயுவினால். அப்பம் பொங்குவதும் அதனாலேயே.

இக்காலத்தில் நம் மலைநாட்டில் நிகழ்ந்ததை இனிப் பார்ப்போம். அன்று இலங்கையின் செல்வம் தேயிலையன்று, கோப்பி. தமிழகத்திலிருந்து கடல் கடந்து, காடுகளினூடே கால்நடையாய் நடந்து, வழியிலே பலர் மாண்டு, எஞ்சியோர் சென்று நட்டுக் காத்த கோப்பி. 1869இல் அச்செடியின் இலைகளில் செம்மஞ்சட் பொட்டுகள் காணப்பட்டன. இலையின் அடிப்புறத்தில் துரு ஏறியது போன்ற தூள் படிந்தது, இலைகள் உதிர்ந்தன, மரங்கள் மொட்டையாயின. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றிற்கு நோய் பரவியது. என்ன செய்வதென்று தோட்டத்துரைமாருக்கு விளங்கவில்லை. அரசாங்கம் இங்கிலாந்திலிருந்து ஓர் இளைஞரை வருவித்தது. அவர் பெயர் ஹரி மார்ஷல் வார்ட். 1854இற் பிறந்த அவர் 1880இல் இலங்கைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தாறுக்கு மேல் இல்லை.

கொம்பனித்தெருத் தோட்டத்தின் வழிவந்த பேராதனைப் பூங்காவைத் தளமாகக் கொண்டு வார்ட் இரண்டு ஆண்டுகள் உழைத்தார். தோட்டங்களிலே கண்ணாடித் தகடுகளைத் தொங்கவிட்டு, காற்றிலே மிதந்துவரும் நோய்வித்திகளைப் பிடித்தார். ஒரு துளி நீர் கிடைத்தால் அவ்வித்தி முளைத்து, இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்துளை வழியே உட்புகுகின்றது என்று கண்டார். மலை முழுவதும் ஒரே செடியை இடைவெளியின்றி நட்டமையே பங்கசுக்கு இடையறாத உணவாயிற்று என்றும் விளக்கினார். ஆயின் மருந்து ஒன்றும் அவரால் கொடுக்க இயலவில்லை. மருந்தை எதிர்பார்த்திருந்தோர் காரணத்தை மட்டும் கேட்டு மனநிறைவு அடைந்திலர். 1882இல் அவர் திரும்பிச் சென்றார்.

கோப்பி அழிந்தது. 1884இல் ஓரியன்டல் வங்கி வீழ்ந்தது. அதனை நம்பியிருந்த பலர் நிலைகுலைந்தனர். கோப்பிக்கு மாற்றாக வந்ததே தேயிலை. பேராதனையிலே 1824இல் சீனத்துத் தேயிலைச் செடியும் 1839இல் அசாம் விதையும் வந்து சேர்ந்திருந்தன என்பர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிக்குப் பருவத்திலே மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். எனவே வந்து போன மக்கள் குடும்பமாகத் தங்க நேர்ந்தது. இன்றைய மலையகத் தமிழ்ச் சமூகம் நிலைத்து உருவானதில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியாத அந்தப் பங்கசுக்கு உண்டு.

இங்கிலாந்து திரும்பிய வார்ட் என்ன செய்தார்? அந்நாட்டு வீடுகளில் ஒரு விந்தைப் பொருள் கைம்மாறி வந்தது. கூழ்போல் வழுவழுப்பான, வெண்ணிறக் கட்டிகள். அவற்றைச் சீனிநீரில் இஞ்சித்துண்டுடன் இட்டுவைத்தால் சில நாளில் நீர் பொங்கி, இஞ்சிப் பியராகும். கட்டிகளும் பெருகும். இதனை மக்கள் இஞ்சிப் பியர்ச் செடி என்றே அழைத்தனர். கிரிமியப் போரிலிருந்து மீண்ட வீரர் கொண்டுவந்தனர் என்று ஒரு வாய்வழிச் செய்தியும் வழங்கியது. வார்ட் இதனை எடுத்து ஆராய்ந்து 1892இல் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

அவர் கண்டது இது: செடி என்பது செடியன்று, ஓர் உயிருமன்று, ஒன்றோடொன்று பிணைந்து வாழும் இரண்டு உயிர்கள். ஒன்று மதுவம், மற்றொன்று ஒருவகைப் பற்றீரியா. பற்றீரியா தன்னைச் சுற்றிக் கூழுறை ஒன்றைப் படைக்கின்றது. அவ்வுறைகளின் பின்னலுள்ளே மதுவம் தங்குகின்றது. மதுவம் வெளிவிடுவது பற்றீரியாவுக்கு உதவுகின்றது. வார்ட் இரண்டையும் தனித்தனியே பிரித்து வளர்த்தார். பின்னர் ஒன்றாகச் சேர்த்தார். மீண்டும் அதே கட்டி உண்டாயிற்று. இலங்கையிலே ஓர் உயிர் மற்றோர் உயிரை அழித்து வாழ்வதைக் கண்ட அவர், பத்து ஆண்டுகளின் பின் இரண்டு உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாய் வாழ்வதைக் கண்டார். 1895இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியரான அவர் 1906இல் காலமானார்.

நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் முறையாகப் பயின்றவனல்லன். ஆயினும் வார்ட்டின் ஆய்வைப் பற்றிப் படித்தபோது பெரும்பாணாற்றுப்படையின் அடை என் நினைவுக்கு வந்தது. அது அரிசிக்கு இட்டது. இது சீனிநீருக்கு இட்டது. பொருள் வேறு; ஒரு சாடியிலிருந்து மறு சாடிக்கு உயிரைக் கைமாற்றும் தொழில் ஒன்றே.

தேயிலைக்கும் இத்தொழிலுக்கும் உள்ள உறவைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை உருட்டியபின் பரப்பிவைப்பதையும் நொதிக்கவைத்தல் என்றே சொல்வர். உண்மையில் அங்கே மதுவத்தின் தொழில் இல்லை. நசுங்கிய இலையின் சாறு காற்றுடன் சேர்ந்து கறுப்பதே அது. வாழைக்காயை வெட்டிவைத்தால் கறுப்பதை ஒத்தது. மெய்யான நொதித்தல், வடித்த தேயிலைச் சாயத்திலே சீனியைக் கரைத்து, மதுவமும் பற்றீரியாவும் சேர்ந்த ஏட்டினை மேலே மிதக்கவிடும்போதே நிகழ்கின்றது. சீனத்தின் வடபகுதியிலும் ருசியாவிலும் இவ்வாறு செய்த புளிப்புப் பானம் வழங்கியது. இன்று மேனாடுகளில் வீட்டிலே பியர் வடிப்போர் சிலர் தேயிலையையும் தேனையும் அதனுடன் சேர்க்கின்றனர். பியருக்குக் கசப்பு அளிப்பது ஹொப்ஸ் என்னும் கொடியின் பூ. தேயிலையின் துவர்ப்பு அக்கசப்போடு இணைந்து நிற்கும். தேனின் மணம் கொதியிலே பறந்துவிடும் ஆதலால், வடிப்பு ஆறியபின்னரே அதனைச் சேர்ப்பது வழக்கம்.

இனி, சாடி எவ்வாறு போத்தலாயிற்று என்பதைக் காண்போம். இதற்கும் கொம்பனித்தெருவுக்கே செல்லவேண்டும். 1866இல் கொழும்பு ஐஸ் கொம்பனி தொடங்கப்பட்டது. பனிக்கட்டி செய்யும் முதல் இயந்திரத்தை இலங்கைக்குக் கொணர்ந்தது அதுவே. அதற்கு முன்னர் வெப்பநாட்டு மக்கள் பலர் பனிக்கட்டியைக் கண்டது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தபோதுதான். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம், 1842இல் அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டதே. ஐஸ் கொம்பனி 1894இல் புதிய கொழும்பு ஐஸ் கொம்பனியின் கைக்கு மாறியது. 1941இல் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் என்னும் பெயர் பெற்றது. எலிபன்ட் ஹவுஸ் என்னும் யானைச் சின்னத்தோடு நாடெங்கும் அறியப்பட்ட நிறுவனம் அதுவே. கொம்பனித்தெருவில் இயங்கிய அதன் இஞ்சிப் பியரை அருந்தாத இலங்கையர் அரியர்.

ஆனால் போத்தலில் உள்ள இஞ்சிப் பியர் வேறு. சாடியில் உள்ளது வேறு. போத்தலில் மதுவத்துக்கு வேலை இல்லை. வாயுவை இயந்திரத்தால் அழுத்தி நீரிற் செலுத்துகின்றனர். இம்முறையின் மூலமும் ஒரு பியர்த் தொட்டியே என்பது வியப்பு. 1767 அளவில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், வடிசாலைக்கு அயலில் வாழ்ந்த யோசப் பிறீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டியின் மேல் திரண்டு நின்ற வாயுவிலே நீர்ப் பாத்திரத்தைப் பிடித்து முதன்முதலாகச் சோடா நீரைச் செய்தார். மதுவத்திடமிருந்து வாயுவை மட்டும் பெற்றுக்கொண்டு மதுவத்தை நீக்கும் வழி அன்றே திறந்தது. 1872இல் ஹைரம் கொட் என்பவர் கோலிக்குண்டு அடைத்த போத்தலை உருவாக்கினார். நம் கடைத்தெருக்களில் சோடாப் போத்தல் ஒலியெழுப்பித் திறந்த காலம் அதனால் வந்தது.

இம்மாற்றத்தில் நன்மை உண்டு. போத்தல் பானத்தில் மதுசாரம் இல்லை. எந்த மதத்தவரும், எந்தக் குழந்தையும் அச்சமின்றி அருந்தலாம். சாடியின் வாயு அளவுக்கு மீறினால் போத்தல் வெடிக்கும். தொழிற்சாலைப் போத்தலுக்கு அந்நிலை அரிது.

சட்டமும் சாடிக்கு எதிராயிற்று. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம், அனுமதிப்பத்திரமின்றி மது உற்பத்தி செய்வதைக் குற்றமாக்கியது. அதே ஆண்டில், அரசாங்கம் கள்ளுத் தவறணைகளைப் பெருக்க முற்பட்டதை எதிர்த்து நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் எழுந்தது. அவ்வியக்கத்தில் முன்னின்றோர் பலர் பின்னர் தேசிய இயக்கத்தின் தலைவர்களாயினர். அவர்கள் வினவியது நியாயமான வினா: மக்கள் குடிப்பதைக் குறைப்பதா அரசாங்கத்தின் நோக்கம், வரியைப் பெருக்குவதா? இங்கிலாந்திலோ வீட்டு வடிப்புக்கு இருந்த அனுமதிக் கட்டுப்பாடு 1963இல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டத்தால் வழி பிறந்தது. நம் நாட்டில் தடை நீடிக்கின்றது. கசிப்பினால் அழிந்த குடும்பத்துப் பிள்ளைகளை வகுப்பறையிற் கண்டவன் ஆதலால் அத்தடையை இகழ என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் கசிப்பையும் இஞ்சிச் சாடியையும் ஒரே தராசில் நிறுத்தலும் நேர்மையன்று. இதனைச் சொல்லுதற்கு எனக்கொரு காரணம் உண்டு.

என் இளமை கொம்பனித்தெருவில் கழிந்தது. எங்கள் வீட்டுச் சுவருக்கு அப்பால் பறங்கி மூதாட்டி ஒருவர் வாழ்ந்தார். நாங்கள் அவரை அன்ரி என்போம். அவருடைய அடுக்களையில் ஒரு சாடி இருந்தது. ஒவ்வொரு வடிப்பின் அடிமண்டியையும் கவிழ்த்துவிடாது வைத்து, நாள்தோறும் ஒரு கரண்டி இஞ்சியும் ஒரு கரண்டி சீனியும் இடுவார். அதற்குத் தீன் போடுதல் என்று பெயர். எழுபதுகளின் முற்பகுதியில் சீனி பங்கீட்டுக்கு வந்து தட்டுப்பட்டபோது, மலைநாட்டு உறவினர் அனுப்பிய தேனையும், ஆறிய தேயிலைச் சாயத்தையும் இட்டுச் சாடியைக் காத்தார். அந்நாட்களில் அப்பானம் துவர்ப்பும் தேன்மணமும் கலந்திருந்தது. கிறிஸ்மஸ் காலத்தில் எங்களுக்கும் ஒரு போத்தல் வரும். ஒருமுறை அது நள்ளிரவில் வெடித்து, வீடு முழுவதும் விழித்தெழுந்து திகைத்ததும் உண்டு.

மண்டி பெருகப் பெருகப் பாதியை எடுத்துவிடவேண்டும். இல்லையேல் புளித்துக் கெடும். அவ்வாறு எடுத்த பாதியை அவர் என் அம்மம்மாவிடம் கொடுத்தார். அம்மம்மா அதனை அப்ப மாவுக்கும் இட்டார். தாமும் ஒரு சாடி வைத்தார். கைம்மாறாக அப்பம் அப்பால் சென்றது. யாரிடம் தொடங்கிய சாடி என்று கேட்டால் அன்ரி தம் தாயிடமிருந்து என்பார். அதற்கு முன் யாரோ.

1983 ஜூலையில் நாங்கள் அத்தெருவை விட்டு ஓட நேர்ந்தது. அன்றிரவு எங்களை மறைத்து வைத்தவர்கள் ஒரு மலாய்க் குடும்பத்தார். பின்னர் அகதி முகாம். பின்னர் கப்பலில் காங்கேசன்துறை. சில மாதங்கள் கழிந்து தந்தையாரின் வேலைக்காகத் திரும்பி வந்தோம். வீட்டில் கதவும் இல்லை, தளபாடமும் இல்லை. அன்ரி சுவருக்கு அப்பாலிருந்து அம்மம்மாவின் சாடியைக் கொண்டுவந்து வைத்தார். "உங்கள் சாடிக்கும் சேர்த்துத் தீன் போட்டேன்" என்றார். வேறு எதுவும் கூறவில்லை. வீட்டிலிருந்த பொருள்களில் எங்களுக்கு மீண்டது அது ஒன்றே. அம்மம்மா அதனை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

சில ஆண்டுகளில் அன்ரியின் பிள்ளைகள் அவரை அவுஸ்திரேலியாவுக்கு அழைத்துக்கொண்டனர். அம்மம்மாவும் காலமானார். நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிபெயர்ந்தோம். சாடிக்குத் தீன் போட யாரும் இல்லை. ஒரு வாரத்தில் அது கெட்டது. கழுவிக் கவிழ்த்தவன் நான்தான். எதைக் கழுவினேன் என்று அன்று எனக்குத் தெரியாது. வார்ட்டைப் பற்றிப் படித்த பின்னரே தெரிந்தது.

கொம்பனித்தெருவின் தாழ்ந்த கூரைகள் பல இன்று இல்லை. அவற்றின் இடத்தில் உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே வாழ்ந்த பலர் அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். இஞ்சிப் பியர்ப் போத்தல் எந்தக் கடையிலும் கிடைக்கின்றது. அதனை வாங்க அயலவர் எவரையும் அறிந்திருக்கத் தேவையில்லை. சாடிக்கோ அயலவர் வேண்டும். பெருகும்போது பெறுவதற்கு ஒருவர். நாம் இல்லாதபோது தீன் போடுவதற்கு ஒருவர்.

நேயர்களே, சட்டம் விலக்கியதைச் செய்யுமாறு நான் கூறவில்லை. உங்கள் வீட்டில் உறை மோரும் அப்ப மாவும் உண்டு. அவற்றை அடுத்த முறை பிறருக்குக் கொடுக்கும்போதோ பிறரிடம் வாங்கும்போதோ, அது எத்தனை கை கடந்து வந்தது என்று வீட்டு முதியோரை ஒருமுறை கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.